நல்லம்மா கிள்ளிய சீனாக்கீரை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு கட்டுக் கீரையோடு இனாமாகக் கிடைத்தது.

கண்டிச் சந்தையில் பொக் சோய் ஒரு கட்டு வாங்கினேன். தடித்த வெள்ளைத் தண்டு, அகப்பை மாதிரி இலை. "இதெல்லாம் இப்ப வந்த கீரைதானே?" என்று பெரிய விவரம் தெரிந்தவன்போல வியாபாரியிடம் கேட்டுவைத்தேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு சொன்னா? எங்க பன்வில தோட்டத்து லயத்துல வெள்ளைக்காரன் காலத்துலயே இது இருந்துச்சு. சீனாக்காரன் கொண்டாந்து குடுத்தது. எங்க ஆளுக இதையும் தேயிலைக் கொழுந்து கிள்ளுற மாதிரி கிள்ளிக் கிள்ளித் திம்பாங்களாம்."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"சொன்னாங்க."

அவ்வளவுதான். அடுத்த ஆள் கத்தரிக்காய்க்கு விலை கேட்க வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கீரையைக் கழுவக்கூட இல்லை. பேனையும் கடதாசியுமாகக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். யார் வீட்டுக் கதை, தெரியாது. எந்த வருஷம், தெரியாது. சீனாக்காரன் யார், அதுவும் தெரியாது. இத்தனையும் தெரிந்திருந்தால் நான் ஏன் கதை எழுதுகிறேன், கட்டுரை எழுதிவிட்டுப் போயிருப்பேனே. ஆகவே இனி வருவது முழுக்க என் கைச்சரக்கு. பிழை இருந்தால் சந்தைக்காரரைத் திட்டாதீர்கள்.

2

தொடக்கம் ஒன்று: மூடுபனி போர்த்திய மலைச்சாரலில், கொழுந்துக் கூடைகள் அசைந்தாட

[அடித்துவிட்டேன். தேயிலைக் கதை என்றால் மூடுபனியில்தான் தொடங்கவேண்டும் என்று யாரோ சட்டம் போட்டுவைத்திருக்கிறார்கள்.]

தொடக்கம் இரண்டு: 1932இல் தேயிலை விலை வீழ்ச்சியடைந்ததைத் தொடர்ந்து தோட்ட நிர்வாகங்கள்

[இது பள்ளிக்கூடப் புத்தகம். ஆனாலும் விஷயம் வேண்டும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேயிலைக்கு விலை விழுந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் கணக்கில், பேர் வெட்டப்பட்டவர்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.]

தொடக்கம் மூன்று: நல்லம்மாவுக்குக் கை சும்மா இருக்காது.

இது இருக்கட்டும். இதிலிருந்தே போவோம்.

நல்லம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. சின்ன வயதில் கூடை மாட்டியவள், முப்பத்தைந்து வயதுவரை அந்த விரல்களுக்கு ஒரே வேலை. இரண்டு இலை, ஒரு மொட்டு, கிள்ளு, தோளுக்கு மேலால் கூடையில் வீசு. பன்வில மலையில் அவள் கைக்கு இணை கிடையாது என்று கங்காணியே சொல்லுவான், அவன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அபூர்வம். திருவிழாவுக்குப் போனாலும் வழியோரச் செடியைக் கிள்ளிக்கொண்டே நடப்பாள். "ஏ புள்ள, அது என்ன பாவம் செஞ்சிச்சு?" என்று புருஷன் மூக்கையா கேட்பான். அவளுக்கு அப்போதுதான் கையில் இலை இருப்பதே தெரியும்.

அந்தத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீட்டில், கடைசிக் காம்பராவில் பிறந்தவள். கல்யாணம் முடித்து மூன்றாவது காம்பராவுக்கு வந்தாள். பெரிய பிரயாணம்தான் போங்கள்! ஒரே மகளை மடுல்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இந்தியா என்பது அவள் அறிந்தவரை மூக்கையாவின் அப்பன் குடித்துவிட்டு அழும்போது சொல்லுகிற ஒரு ஊர். கடலைக் கண்ணால் கண்டதில்லை.

3

அடுத்து சீனாக்காரர். இவரை எழுத எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கதைகளில் சீனாக்காரர் வந்தால் ஒன்று சிரிப்பு மூட்டுவார், அல்லது தத்துவம் பேசுவார். இந்த மனிதர் துணி விற்கிறவர். அதைத்தான் செய்யப்போகிறார்.

சாங் என்று பேர். லயத்தில் அது சாங்கண்ணே ஆகிவிட்டது. வத்தேகம ஸ்டேஷனில் இறங்கி, ஸெய்னுலாப்தீன் நாநாவின் கடையில் சரக்கில் பாதியை வைத்துவிட்டு, மீதியை முதுகில் கட்டிக்கொண்டு, கையில் துணி அளக்கும் கஜக்கோலோடு லயம் லயமாக ஏறி இறங்குவார். பத்து வருஷமாக இந்த மலைகளில் நடந்து நடந்து தமிழ் படித்தவர். பேச்சு கொஞ்சம் முறிந்து முறிந்து வரும். அதை அப்படியே எழுதி உங்களைச் சிரிக்கவைக்க எனக்கு மனமில்லை, அதனால் நேராகவே எழுதுகிறேன்.

ஒரு ஐப்பசி மழைக்கு நல்லம்மா வீட்டு இஸ்தோப்பில், அந்த வாசல் திண்ணையில், ஒதுங்கி நின்றார். லயத்துக்குப் பின்னால் அவள் போட்டிருந்த கீரைப் பாத்தி கண்ணில் பட்டது. மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டணத்தை எடுத்து நீட்டினார்.

"தங்கச்சி, இது எங்க ஊர்க் கீரை. போட்டுப் பாரு."

"கடுகு மாதிரில்ல இருக்கு, அண்ணே?"

"கடுகுக்குச் சொந்தக்காரன்தான். தாளிச்சிடாத."

சிரித்தார்கள். பிறகு அவர் ஈர மண்ணில் விரலால் கோடு போட்டு விளக்கினார். ஒரு சாண் இடம் விட்டு நட வேண்டும். தொடக்கூடாது, வளரவிட வேண்டும். தண்டு வெள்ளையாகத் தடித்து, இலை குவிந்து நிற்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். ஒரு மூலையில் நாலு செடியை மட்டும் பூத்துக் காய்க்க விட்டால் விதை வரும், அப்புறம் என்றைக்கும் கீரை இருக்கும்.

தொடாதே என்று யாரிடம் சொல்கிறார் பாருங்கள்!

* இந்த இடத்தில் ஒரு குறிப்பு. சாங் இதற்கு முன் நாலைந்து லயங்களில் விதை கொடுத்துப் பார்த்தவர். ஒரு இடத்தில் கோழி கிளறியது, ஒரு இடத்தில் ஆடு மேய்ந்தது, ஒரு இடத்தில் உண்மையிலேயே தாளித்துவிட்டார்கள். ஓரிடத்தில் நிற்காமல் நடக்கிறவனுக்குச் சொந்தப் பாத்தி ஏது? யாராவது வளர்த்தால் ஒரு நாளாவது ஒரு வாய் தின்னலாம் என்ற ஆசை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது.

விதை மூன்றாம் நாளே முளைத்தது. செடி ஆறேழு இலை விட்டதும் நல்லம்மாவின் விரல் ஊற ஆரம்பித்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு, அந்த ஆள் கணக்கெடுப்புக்கு, போகுமுன் களை பிடுங்கக் குனிவாள். நிமிரும்போது கையில் நாலு நுனி இருக்கும். தேயிலையைக் கிள்ளாமல் விட்டால் அது மரமாகிவிடும். பூக்கவிட்டாலோ, "இது என்ன கோயில் நந்தவனமா?" என்று கங்காணி வைவான். செடி என்றால் நுனியைக் கிள்ள வேண்டும், கிள்ளினால்தான் துளிர்க்கும். அவள் படித்த ஒரே படிப்பு அது.

"பாத்தியில ஆடு கீடு மேஞ்சிருச்சா?" என்றான் மூக்கையா.

"ஆடு இல்ல. நான்தான்."

கிள்ளியதைப் பொடியாக அரிந்து, மஞ்சளும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டினாள். தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றது. ஆனாலும் சட்டி காலியானது. விதைக்கென்று விட்ட நாலு செடியை மட்டும் முள் வைத்து அடைத்து, தன் கையிடமிருந்து தானே காப்பாற்றினாள்.

4

தை மாதம். பேர் வெட்டுகிறார்கள் என்ற பேச்சு மலை முழுக்க. பக்கத்து டிவிஷனில் பதினேழு குடும்பத்தை அனுப்பியாகிவிட்டது. வேலைக்குப் பிந்தி வந்தவன், கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசியவள், இப்படிச் சின்னக் குற்றம் இருந்தாலே போதும். வெளியாளை லயத்தில் தங்கவைப்பது சின்னக் குற்றமல்ல. சனிக்கிழமைதோறும் வெள்ளைக்காரத் தொரையும் கணக்கப்பிள்ளையும் காம்பரா காம்பராவாக லயம் பார்க்க வருவார்கள்.

புதன்கிழமை சாயந்திரம் சாங் வந்தார். இஸ்தோப்பில் மூட்டையை இறக்கினார், பக்கத்திலேயே தானும் விழுந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நல்லம்மாவும் மூக்கையாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே இழுத்துப் படுக்கவைத்து, கதவைச் சாத்தினார்கள்.

"தெரிஞ்சா நம்ம பேரு போயிரும் புள்ள" என்றான் மூக்கையா. "மக இங்க கெடக்கா. நம்மள மட்டும் கப்பல்ல ஏத்திட்டா?"

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க? ரோட்டுல போட்டுட்டு வரவா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வாய் சொல்லல, மூஞ்சி சொல்லுது."

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கும் வழி தெரியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் விஷயம் நேரே ஆபீசுக்குப் போகும். வைத்திருந்தால் சனிக்கிழமை மாட்டிக்கொள்ளும். வியாழன், வெள்ளி, இரண்டே நாள்.

மூக்கையாவைப் போலத் தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கு உச்சி வேளையோடு வேலை முடிந்துவிடும். வியாழன் மதியம் மூக்கையா வத்தேகமவுக்கு நடந்தான். ஸெய்னுலாப்தீன் நாநா கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"அல்லாஹ்வே! அந்த மனிசனுக்கா? நல்ல மனிசன், மூக்கையா. நான் வண்டி அனுப்புறேன். இங்க டாக்டர்ட காட்டலாம், என்ட வீட்டுலயே கெடக்கட்டும். ஆனா தோட்டத்துக்குள்ள வண்டி வர ஏலா. கேட்டுல எழுதி வெச்சா உங்கட பேரும் வெளிய வந்துரும். நாளைக்கி ஜும்மா முடிஞ்சி வண்டி கீழ பாலத்தடியில நிக்கும். அது வரைக்கும் அவர் நடந்து வரோணும்."

மூக்கையா வந்து சொன்னான். நல்லம்மா படுத்திருந்தவரைப் பார்த்தாள். பாலம் ஒன்றரை மைல் செங்குத்து இறக்கம். இரண்டு ஆண்கள் ஒருவரைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்குள் இறங்கினால் தோட்டமே பார்க்கும். நடந்துதான் போகவேண்டும். இந்த மனிதர் எழுந்து உட்காரக்கூட மாட்டேன் என்கிறார். கஞ்சி கொடுத்தால் கஞ்சி வெளியே வருகிறது, கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தால் அதுவும் வருகிறது. சாப்பிட்டு மூன்று நாளாகிறதாம்.

[இங்கே ஒரு நல்ல தொரை, மனம் இரங்கி, மருந்தனுப்பி... வேண்டாம். அப்படி ஒருவர் எங்கோ இருந்திருக்கலாம். இந்தத் தோட்டத்தில் இல்லை.]

5

"என்னதான் அண்ணே இறங்கும் உங்களுக்கு?" என்றாள் நல்லம்மா, அழாக்குறையாக.

அவர் கண்ணைத் திறந்தார். "அந்தக் கீரை இருக்கா, தங்கச்சி? ஒரு வாய்."

அவளுக்குத் திக்கென்றது. வெள்ளைத் தண்டு, குவிந்த இலை, வேரோடு பிடுங்கிய கொத்து, அதைத்தான் கேட்கிறார். அவளிடம் ஏது? பின்பக்கம் போனாள். பாத்தி முழுக்க அவள் கிள்ளித் தின்ற மொட்டைச் செடிகள். எட்டு நாளாக மலையில் வேலை அதிகம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் ஒவ்வொரு மொட்டையின் இடுக்கிலிருந்தும் ஒல்லித் தண்டுகள் கிளம்பி, நுனியில் மஞ்சள் மொட்டு கட்டியிருந்தன. மார்கழிப் பனி செய்த வேலை. இலை என்று சொல்ல ஒன்றுமில்லை.

"நாசமாப்போன கை" என்று தன் வலது கையை இடது கையால் அறைந்தாள். பாத்தியோரத்தில் உட்கார்ந்து அழுதாள். சாகக் கிடக்கிறவன் ஒரு வாய் கீரை கேட்டு, அதைக்கூடக் கொடுக்க வழியில்லாமல் பண்ணிவிட்டோமே என்ற வேதனை. பிறகு வேறென்ன செய்ய? அந்தத் தண்டுகளையே கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. நீங்க தொடாதேன்னு சொன்னீங்க. நான் கொழுந்து மாதிரி கிள்ளிட்டேன். இதுதான் மிச்சம்."

சாங் ஒரு தண்டை எடுத்தார். ஒடித்தார். படக்கென்று ஒடிந்தது. மெல்ல, சுவரில் சாய்ந்து, தானே எழுந்து உட்கார்ந்தார்.

"இப்படிக் கிள்ள யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லலண்ணே. கை கேக்கல."

அவர் சிரிக்கத்தான் ஆரம்பித்தார், அழுகையில் போய் முடிந்தது. "எங்க ஊர்ல பனி முடியுற நேரத்துல என் பொண்டாட்டி இப்படித்தான் கிள்ளுவா. நடுத்தண்டைக் கிள்ளினா பக்கத்துல வரும். அதைக் கிள்ளினா இன்னும் வரும். இலை தினம் திங்கிறது, தங்கச்சி. இந்தத் தண்டுக்குத்தான் வருஷம் பூரா காத்துக்கிட்டு இருப்போம். இந்த ஊரு சூட்டுக்கு இது வராதுன்னு நெனச்சு நான் இதைப் பத்திச் சொல்லவே இல்ல."

* என்னய்யா, ரொம்ப வசதியாக இருக்கிறதே என்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. இந்தப் பக்கத்தை அலுமாரியில் போட்டுப் பூட்டிவிட்டு, என் வீட்டுப் பூச்சட்டியில் இரண்டு செடி வைத்து நுனியைக் கிள்ளிப் பார்த்தேன். பக்கத்தில் தண்டு வந்தது. சமைத்துச் சாப்பிட்டேன். பிறகுதான் அலுமாரியைத் திறந்தேன்.

நல்லம்மா கத்தியை எடுத்தாள். "கத்தி வேண்டாம்" என்றார். தாச்சியை அடுப்பில் வைத்துக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டாள். "காயட்டும்" என்றார். காய்ந்தது. "இன்னும்" என்றார். எண்ணெய் புகைய ஆரம்பித்தது.

"லயமே புகையுது, எவனாச்சும் எட்டிப் பாக்கப்போறான்!" என்று மூக்கையா கதவருகில் நின்று தவித்தான்.

தட்டிய உள்ளிப்பூண்டு இரண்டு பல், பிறகு தண்டுகள் முழுசாக. சடசடவென்று ஒரு சத்தம் போட்டது. இரண்டு புரட்டு, ஒரு சிட்டிகை உப்பு.

"இப்ப எடு."

"வேகவே இல்லையேண்ணே!"

"எடுன்னா எடு!"

நோயாளிக்கு அரைவேக்காட்டைப் போட்டோமே என்று நல்லம்மாவுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. பச்சை நிறம்கூட மாறவில்லை. அவர் அடுப்புக்குக் கிடந்த கவ்வாத்துக் குச்சியில் இரண்டை எடுத்து, விரலிடுக்கில் பிடித்து, ஒவ்வொரு தண்டாக வாயில் வைத்தார். மெல்லும் சத்தம் காம்பரா முழுக்கக் கேட்டது. புருஷனும் பெண்சாதியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வெளியே வரவில்லை. கொஞ்சம் கஞ்சி கொடுத்தாள், அதுவும் நின்றது.

6

வெள்ளிக்கிழமை விடியற்காலை. சாங் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், மூன்று எட்டு வைத்தார், உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல் தணிந்திருந்தது, காலில்தான் பலமில்லை. இன்னும் ஒரு தட்டு உள்ளே போனால் நடந்துவிடுவார். பாத்தியில் நேற்றே எல்லாவற்றையும் கிள்ளியாகிவிட்டது. மிச்சம் இருப்பது முள்வேலிக்குள் அந்த நாலு செடி. இடுப்பளவு வளர்ந்து, மஞ்சளாகப் பூத்து, அடியில் பிஞ்சுக் காய் பிடிக்கத் தொடங்கியிருந்தன.

நில்லு, நல்லம்மா.

அதைக் கிள்ளினால் விதை இல்லை. விதை இல்லை என்றால், எங்கள் லயத்தில் அன்றிலிருந்தே இருந்தது என்று சந்தைக்காரர் சொன்னது பொய்யாகிவிடும். நான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான். ஒரு செடியையாவது விட்டுவை. அரைச் செடி. ஒரு கிளை.

எங்கே கேட்டாள்! முள்ளை விலக்கி, நாலிலும் இருந்த இளந்தண்டு அத்தனையும் கிள்ளினாள். அடித்தண்டு முற்றியிருந்தது, அதையும் வெட்டித் தோலைச் சீவி எடுத்துக்கொண்டாள். பெரட்டுக்கொம்பு ஊதுமுன் சமைத்து முடித்து, மூக்கையாவிடம் தட்டைக் காட்டிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு ஓடினாள். நான் பேனையைக் கீழே போட்டேன். அவளோடு சண்டை பிடித்து என்ன பயன்? என் வாக்கியத்தைவிட அவளுக்கு அந்த மனிதரின் கால் முக்கியம். கோபம் ஆறிய பிறகு யோசித்தால், எனக்கும் அதுதான் முக்கியம்.

புறப்படும்போது சாங் சொன்னதை மூக்கையா பிறகு அவளிடம் சொன்னான்: "அடுத்த ஐப்பசிக்கு வெதை கொண்டாறேன்னு தங்கச்சிகிட்ட சொல்லு."

மதியம் மேல்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவள் கீழே பார்த்தாள். குறுக்குப் பாதையில் புருஷன் மூட்டையோடு முன்னால் போகிறான். பின்னால் சாங் கஜக்கோலை ஊன்றிக்கொண்டு, நின்று நின்று, இறங்குகிறார். பாலத்தடியில் வண்டியின் கூடாரம் தெரிந்தது. வண்டி நகரும்வரை அவள் கை வேலை செய்யவில்லை. "ஏய், என்ன வேடிக்க?" என்று கங்காணி கத்தினான். அவன் கத்தியது அவளுக்கு ஒரு நாளும் இல்லாத திருநாளாகச் சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை தொரை வந்தார். பிரம்பால் கதவைத் தட்டினார், உள்ளே எட்டிப் பார்த்தார், போனார். கணக்கப்பிள்ளை மட்டும் மூக்கை உறிஞ்சினார்.

"என்னம்மா எண்ணெய் வாடை?"

"கீரைங்க."

"ம்."

பேர் தப்பியது. இந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, முற்றும் என்று எழுதி, எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

7

தேத்தண்ணி குடிக்கும்போதே உறுத்தியது. கதை நடப்பது 1932இல். அந்த வருஷத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன், வேறு வருஷம் போட்டிருக்கலாம். இப்போது மாற்றினால் யோக்கியமாக இருக்காது.

பங்குனியில் பட்டியல் வந்தது. ஆள் பார்த்து வெட்டவில்லை, கங்காணி கங்காணியாக வெட்டினார்கள். நல்லம்மாவின் கங்காணிக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் போனார்கள். ஆபீஸ் வாசலில் நின்று நல்லம்மா கேட்டாள்: "ஐயா, நாங்க என்ன தப்பு செஞ்சோம்?"

கணக்கப்பிள்ளை தலை நிமிரவில்லை. "தப்பு ஒண்ணுமில்லம்மா. தேயிலைக்கு விலை இல்ல."

சாங்கைப் பற்றி யாருக்கும் தெரியவே தெரியாது. அவரை ரோட்டில் போட்டிருந்தாலும் பேர் போயிருக்கும், காப்பாற்றினாலும் போனது. மகள் மடுல்கலையிலிருந்து ஓடிவந்து வத்தேகம ஸ்டேஷனில் அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கதறினாள். ரயில், தலைமன்னார், கப்பல். கடலைப் பார்த்தபோது நல்லம்மா

[இந்த வாக்கியத்தை ஆறு தரம் எழுதிவிட்டேன். வரவில்லை. விட்டுவிடுகிறேன்.]

முடிவு ஒன்று: ஐப்பசியில் சாங் விதையோடு வருகிறார். மூன்றாவது காம்பராவில் வேறு குடும்பம். அவர் மழையில் நனைந்தபடி பின்பக்கம் போய், காடு மண்டிய பாத்தியைத் தானே கொத்தி விதைத்துவிட்டுப் போகிறார். இது நடந்திருந்தால் சந்தைக்காரர் சொன்னது நிஜம். எனக்கு இந்த முடிவு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இதில் நல்லம்மா இல்லையே!

முடிவு இரண்டு: மகள் ஒரு கடிதம் எழுதச் சொல்லி, ஸெய்னுலாப்தீன் நாநா அதை [பொய். எந்த முகவரிக்கு எழுதுவார்?]

முடிவு மூன்று. துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம், மூக்கையாவின் பெரியப்பா வீட்டு வாசல். நல்லம்மா பாயில் கிடக்கிறாள். காய்ச்சல். வந்த நாளிலிருந்து ஊரே வந்து பார்த்து, "நம்ம ஊருக்கு வந்துட்ட, இனி என்ன கவலை?" என்றுவிட்டுப் போகிறது. அந்த ஊரை அவள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்து இருபது நாள்கூட ஆகவில்லை. கேழ்வரகுக் கூழ் உள்ளே போகிறது, வெளியே வருகிறது. முருங்கைக்கீரை வதக்கிக் கொடுத்தார்கள். அரைக்கீரை கடைந்து கொடுத்தார்கள். ஒன்றும் தங்கவில்லை.

மூக்கையாவின் மதினி ரத்தினம்மா நல்ல மனுஷி, கொஞ்சம் முன்கோபம். தலைமாட்டில் வந்து உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன்டியம்மா, எதைத் தந்தாலும் துப்புறியே. உன் நாக்கு எதைத்தான் கேக்குது? சொல்லு, செஞ்சு தாறேன்."

நல்லம்மா கண்ணைத் திறந்தாள்.

"சீனாக்கீரைத் தண்டு இருக்கா, அக்கா? கிள்ளுனது. ஒரு வாய்."

ரத்தினம்மா சிரித்துவிட்டாள்: "நம்ம சாதிசனத்துல எவளாச்சும் சீனாக்கீரை

[அடித்தேன்.]

ரத்தினம்மாவுக்குக் கோபம் வந்தது: "வந்த இடத்துல இது என்ன புதுசா

[அடித்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.]

ரத்தினம்மா எழுந்து, கொல்லைப் பக்கம் போய், மண்ணைப் பார்த்துக்கொண்டு

இதற்கு மேல் என் பேனை நகரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்டியும் பன்விலவும் வத்தேகம ஸ்டேஷனும்தான். அக்கரையில் யார் வீட்டு அடுப்பில் என்ன இருக்கும், காய்ச்சலில் கிடக்கிற வேற்றூர்ப் பெண் பெயர் தெரியாத ஒன்றைக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள், அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ரத்தினம்மா உங்கள் கரைக்காரி, உங்கள் வீட்டு மனுஷி. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரமாக எழுதுங்கள், நல்லம்மா சாப்பிட்டு நாலு நாளாகிறது.